முதல் ரேங்க் அப்பா

ஜுபைல், சவூதி
1982 மார்ச் 14

மியங்ரானின் அம்மாவுக்கு,

புசானில் கடற்காற்று இன்னும் காதை அறுத்துக்கொண்டிருக்கும். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பிள்ளை சளி பிடிக்காமல் இருக்கிறாளா? என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். மூன்று வேளையும் சோறு போடுகிறார்கள். கிம்ச்சி ஊறுகாய் தகர டப்பாவில் வருகிறது. ருசியும் தகரம்தான்.

வேலை, நம் ஊர்க் கப்பல் தளத்தில் செய்த அதே வெல்டிங். அங்கே கப்பல், இங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்குக் குழாய். வெயில்தான் வேறு. முகமூடியைக் கழற்றினால் உள்ளே இருந்ததைவிட வெளியேதான் அதிகச் சூடு.

பக்கத்துக் கட்டில் நம் தெருக்கோடி பாங் டொக்சுவுக்கு. அவன் குறட்டையைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். வந்த புதிதில் சாப்பாட்டு மேசையில் ஆளாளுக்குப் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். நான் பேசாமல் சாப்பிட்டேன். பாங்தான் போட்டு உடைத்தான். "இவர் பொண்ணு அறுபது பேர்ல ஃபர்ஸ்ட்டு. ஒரு தடவை இல்ல, வருஷம் பூரா." அன்றோடு என் பெயர் மாறிவிட்டது. "முதல் ரேங்க் அப்பா, அந்த உப்பை இப்படித் தள்ளுங்க" என்கிறார்கள். சிரிக்காதே. ஆரம்பப் பள்ளியோடு நின்றவன் நான். இத்தனை காலமும் "ஏய்" என்பதுதான் என் பெயர். மேஸ்திரிகூட இப்போது என்னை மரியாதையாகக் கூப்பிடுகிறார்.

எட்டாம் வகுப்பு தொடங்கியிருக்குமே? புது வகுப்பாசிரியர் எப்படி? பிற்காலத்தில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு சொந்த மருந்துக்கடையில் நிற்கப்போகிறவள் என்று அவரிடம் சொல்லி வை. என் உப்புப்போட்ட மீன்முட்டையைக் கேட்டதாகச் சொல். (மியங்ரான் என்ற தன் பேரும் மீன்முட்டையின் பேரும் ஒரே மாதிரி ஒலிக்கிறதே என்று சின்ன வயதில் எப்படிக் கோபித்துக்கொள்வாள்!)

உங்கள் இருவர் நினைப்பிலேயே வேலை செய்யும்,
பியோ குவாங்சிக்


புசான்
1982 ஏப்ரல் 18

மியங்ரானின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. தகரக் கிம்ச்சியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கே செர்ரி பூத்து, மழையில் கொட்டியும் விட்டது. என் முழங்கால் பரவாயில்லை. மீன்முட்டைக்கு உப்புப்போடும் கொட்டகையில் எனக்கு இப்போது உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

மியங்ரான் நன்றாகப் படிக்கிறாள். முதல் மாதத் தேர்வில் இரண்டாம் ரேங்க். புது வகுப்பு, புது ஆசிரியர், பழகவேண்டாமா? ஆசிரியர் பெயர் மா. கண்டிப்பானவராம். பிள்ளைகளை ரேங்க் வரிசையில் உட்கார வைக்கிறாராம்.

காலையில் கொஞ்சம் வயிற்றுவலி என்கிறாள். மருந்துக்கடையில் செரிமான மாத்திரை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை வலிப்பதில்லை, அதனால் பெரிதாக ஒன்றும் இருக்காது. முன்போல வாயாடுவதில்லை. பள்ளி விட்டு வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுகிறாள். எதிர்வீட்டு அம்மாள், "உங்க பொண்ணு எவ்வளவு அடக்கம்! வீட்டுல இருக்கறதே தெரியல" என்று மெச்சிக்கொண்டாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒருநாள் குழாயடியில் வெகுநேரம் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கை சிவந்திருந்தது. குளிர் என்றாள். ஏப்ரலில் என்ன குளிர் என்று நான் கேட்கவில்லை.

தலையில் ஈரத்துணி கட்டிக்கொள்ள மறக்காதீர்கள்.

சுன்ரே


ஜுபைல்
1982 மே 20

மியங்ரானின் அம்மாவுக்கு,

இருவரும் சௌக்கியம் என்று படித்துத் தெம்பாக இருந்தது. எனக்குத் தோல் உரிந்து புதுத்தோல் வந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் உள்ளூர்க்காரன் என்றே நினைப்பார்கள்.

இரண்டாம் ரேங்கா? அப்படியானால் முதல் ரேங்க் யார்? அந்தப் பிள்ளை எந்தத் தெரு, அப்பா என்ன வேலை, விசாரித்து எழுது. வேடிக்கைக்குத்தான் கேட்கிறேன். இங்கே நான் யாரிடமும் சொல்லவில்லை. பாங்குக்கு மட்டும் தெரியும். "விடுங்க அண்ணே, ஓடறவன் ஒரு தடவை செருப்பு மாத்தறதில்லையா" என்கிறான். அடுத்த மாதம் பழைய இடத்துக்கு வந்துவிடுவாள்.

வயிற்றுவலிக்கு ஜின்செங் வேரைத் தேன் விட்டுக் கொடு. படிக்கிற பிள்ளைக்குச் சத்து வேண்டும். விளக்கு வெளிச்சம் போதுமா பார்.

அவளை ஒரு வரி எழுதச் சொல். அவள் கையெழுத்தைப் பார்த்தால் இந்த வெயில் பாதியாகிவிடும். பாங் ஜூலையில் விடுப்பில் வருகிறான். அவனிடம் அவளுக்கு ஒரு பேனா கொடுத்தனுப்புகிறேன்.

குவாங்சிக்


புசான்
1982 ஜூலை 25

மியங்ரானின் அப்பாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மழைக்காலம், கொட்டகையில் வேலை, இப்படியே நாள் போய்விட்டது. அங்கே மணல்காற்று அடங்கியதா? கண்ணைக் கசக்காதீர்கள்.

பேனா வந்து சேர்ந்தது. அழகாக இருக்கிறது. பத்திரமாக வைத்திருக்கிறாள்.

ரேங்க் கேட்டிருந்தீர்கள். மூன்று. கோடை விடுமுறை விட்டாயிற்று. இப்போது அவள் சமையலறைக்கு மேலே உள்ள பரணில்தான் இருக்கிறாள். அங்கே குளுமையாக இருக்கிறதாம், படிக்க வசதியாம். சாப்பாட்டையும் மேலேயே எட்டிக் கொடுத்துவிடுகிறேன். ஜன்னல் இல்லாத இடம். விளக்கு வேண்டுமா என்றால் வேண்டாம் என்கிறாள்.

மா சார் ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தார். சும்மா, பார்த்துவிட்டுப் போக. நல்ல மனிதர். பார்லி டீ குடித்தார்.

உங்களுக்கு எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தாள். கை வலிக்கிறதாம். அடுத்த தடவை எழுதுவாள்.

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன்.

சுன்ரே


ஜுபைல்
1982 ஆகஸ்ட் 22

சுன்ரே,

பாங் திரும்பி வந்துவிட்டான். வந்தவன் என் முகத்தைப் பார்க்காமலே நடமாடினான். பிடித்து உலுக்கிக் கேட்ட பிறகுதான் சொன்னான்.

ஜூலைத் தொடக்கம். பள்ளி நடக்கிற நாள். மழை. முற்பகலில் அலைத்தடுப்புச் சுவரோரம் யாரோ ஒரு பள்ளிப்பெண் குடையில்லாமல் உட்கார்ந்திருக்கிறாளே என்று கிட்டப் போய்ப் பார்த்தானாம். என் மகள். மடியில் புத்தகப்பை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பேர் சொல்லிக் கூப்பிட்டால், தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாளாம். அங்கிருந்து நேராக நம் வீட்டுக்கு வந்திருக்கிறான். நீ அவனுக்கு டீ கொடுத்துவிட்டு, "அவ ஸ்கூலுக்குப் போயிருக்கா" என்றாயாம்.

உனக்குத் தெரியாதா? தெரிந்தே சொன்னாயா? மூன்றாம் ரேங்க் என்று எழுதினாயே, அது என்ன? நான் இங்கே கருவாடாகக் காய்வது எதற்காக? ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கிறேன் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வந்தவன் நான். யாருக்காக?

உண்மையை எழுது. ஒன்றையும் மறைக்காதே.

இதற்குக் கீழே இருப்பதை அவளை எதிரே உட்கார வைத்துப் படித்துக் காட்டு.

"மியங்ரான், அப்பாவுக்குப் படிப்பில்லை, நிலமில்லை, ஒன்றுமில்லை. நீ ஒருத்திதான். இங்கே அத்தனை பேரும் என்னை உன் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். நீ கீழே விழுந்தால் நான் யார்? எழுந்திரு. மற்ற பிள்ளைகளால் முடிவது உன்னால் ஏன் முடியாது? பழைய இடத்துக்கு வந்துவிட்டேன் என்று உன் கையால் எழுது. அதுவரை அப்பாவுக்குச் சோறு இறங்காது."

பியோ குவாங்சிக்


புசான்
1982 செப்டம்பர் 19

மியங்ரானின் அப்பாவுக்கு,

பிள்ளை உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன். மீதியை உட்கார்ந்து படியுங்கள். முடிந்தால் பாங் பக்கத்தில் இருக்கட்டும்.

நீங்கள் கேட்ட உண்மை இதுதான். ஜூன் மாதத்திலிருந்து அவள் பள்ளிக்குப் போகவில்லை. இரண்டாம் ரேங்க் என்று எழுதியது நிஜம். மூன்று என்று எழுதியது பொய். ஐம்பத்தெட்டு.

மா சார் வகுப்பில், போன தேர்வைவிட எத்தனை மார்க் குறைகிறதோ அத்தனை அடி. எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான், நாமும் வாங்கியதுதான். அவள் அதுவரை வாங்கியதில்லை. மற்ற பிள்ளைகள் வாங்கும்போது இவளுக்கு உடம்பு நடுங்குமாம். ஏப்ரலில் இரண்டாவது வந்ததும் முதல் ஆளாகக் கூப்பிட்டிருக்கிறார். "முதல் ரேங்க்காரிக்கே அடின்னா மத்ததுகளுக்குப் புத்தி வரும்" என்றாராம். கை சிவந்திருந்தது அதனால்தான். இதெல்லாம் அவள் சொல்லி எனக்குத் தெரியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்த பெண் சொன்னாள்.

மே மாதக் கணக்குத் தாளில் பெயரை மட்டும் எழுதிவிட்டு மணியடிக்கும்வரை உட்கார்ந்திருந்திருக்கிறாள். மா சார் வீட்டுக்கு வந்தது அதற்காகத்தான். அவர் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் பயந்துபோய்த்தான் இருந்தார். "ஒரு பரீட்சையில மார்க் ஏறட்டும்மா, எல்லாம் தானா சரியாகிடும்" என்றார். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். மார்க் ஏறினால் சாப்பிடுவாள், மார்க் ஏறினால் பேசுவாள் என்று நினைத்தேன்.

ஜூனில் ஒருநாள் கிளம்பமாட்டேன் என்றாள். கையைப் பிடித்து நம் வீட்டு மேட்டிலிருந்து கீழே இழுத்துக்கொண்டு போனேன். பள்ளி தெரிந்ததும் மின்கம்பத்தைக் கட்டிக்கொண்டுவிட்டாள். "அம்மா, கால் வரமாட்டேங்குது" என்றாள். "நடிக்காதடி" என்றேன். எல்லாரும் பார்க்க அறைந்தேன். அவள் அழவில்லை. அறைந்த என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் சீருடை போட்டுக்கொண்டு பையோடு கிளம்புவாள். எங்கே போய் உட்காருகிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டேன். தெருக்காரர்கள் கண்ணுக்குப் பள்ளிக்குப் போகிற பெண்ணாகத் தெரிந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. பாங்கிடமும் உங்களிடமும் பொய் சொன்னது அதனால்தான்.

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் சொன்னபடி எதிரே உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். மண்டியிட்டுக் கேட்டாள். "சரிம்மா" என்றாள். அன்று ஒரு கிண்ணம் சோற்றையும் மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். கிண்ணத்தைத் தானே கழுவி வைத்தாள். அப்பா சொன்னதும் பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மறுநாள் தலை வாரிக்கொண்டு, "ஸ்கூலுக்குப் போயிட்டு வரேன்" என்றாள். திருப்பம்வரை அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

சிப்பி எடுக்க மூச்சடக்கி முங்கும் பெண்கள் நம் பாறைப் பக்கம் இருக்கிறார்களே, அவர்களில் கோ அக்கா என்று ஒருத்தி. முற்பகலில் ரப்பர் உடுப்போடு, சொட்டச் சொட்டக் கொட்டகைக்குள் ஓடி வந்தாள். "உங்க பொண்ணை எடுத்துட்டோம். உசிரு இருக்கு. செருப்பைத் தேடாதீங்க, அப்படியே வாங்க" என்றாள்.

பையைப் பாறைமேல் அலை எட்டாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டுத்தான் தண்ணீருக்குள் போயிருக்கிறாள். புத்தகங்கள் நனையவே இல்லை.

ஆஸ்பத்திரியில் கண் திறந்து முதலில் கேட்டது, "அப்பாகிட்ட என்னன்னு சொல்லுவீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. இதோ, சொல்லிவிட்டேன்.

சுன்ரே


புசான்
1982 அக்டோபர் 24

மியங்ரானின் அப்பாவுக்கு,

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்புக்கு முடியவில்லையா? கோபமா? கோபமென்றால் திட்டியாவது எழுதுங்கள். தபால்காரர் மேடேறி வரும்போதெல்லாம் மீன்முட்டைக் கையோடு வாசலுக்கு ஓடுகிறேன்.

அறுவடைத் திருநாள் வந்து போயிற்று. படையல் வைத்தேன். அவள் பரணிலிருந்து இறங்கவில்லை.

மனநல மருத்துவரிடம் போகிறோம். அந்தப் பிரிவு ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருக்கிறது. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முதல் தடவை பல் வைத்தியம் நடக்கும் வாசல் வழியாக நுழைந்தேன். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு கடைசியா எப்பம்மா சிரிச்சா?" என்று கேட்டார். யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. ரேங்க் கேட்டிருந்தால் மாதம் மாதமாகச் சொல்லியிருப்பேன்.

"போன வருஷம் ஃபர்ஸ்ட் வாங்கினப்பல்லாம் நல்லாத்தான் இருந்தா டாக்டர். மார்க் குறைஞ்சதும்தான் இப்படி" என்றேன்.

"அப்பவே தூங்கினதில்லைன்னு அவ சொல்றா. நாலாங் கிளாஸ்லேருந்து பரீட்சைக்கு முந்தி வாந்தியாம். மார்க் குறைஞ்சதால நோய் வரலம்மா, நோய் முத்தினதாலதான் மார்க் குறைஞ்சுது. ஃபர்ஸ்ட் வாங்கற பிள்ளைய யாரும் எங்கிட்ட கூட்டிட்டு வர்றதில்ல."

பள்ளியில் வருகை நாள் போதாது, இதே வகுப்பில் மறுபடி உட்காரவேண்டும் என்கிறார்கள். நோய் என்று சான்று கொண்டுவந்தால் பெயரை நீக்காமல் வைத்திருப்பார்களாம். துணைத் தலைமையாசிரியர் குரலைத் தாழ்த்தி, "அந்த வியாதி பேரு வேண்டாம்மா. காசநோய்னு எழுதி வாங்கிட்டு வாங்க. பிள்ளைக்கும் மரியாதை, ஸ்கூலுக்கும் மரியாதை" என்றார். காசநோயாக இருந்திருக்கக்கூடாதா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். நுரையீரலென்றால் தெருவே கஞ்சி கொண்டுவந்து கொடுத்திருக்கும்.

படுக்கும்போது என் மேற்சட்டை நாடாவால் என் மணிக்கட்டையும் அவள் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டிக்கொள்கிறேன். அவளாகவே கையை நீட்டுகிறாள்.

எனக்கு வேறு யாருமில்லை. எழுதுங்கள்.

சுன்ரே


ஜுபைல்
1982 நவம்பர் 14

அண்ணிக்கு,

பாங் டொக்சு எழுதுகிறேன். குளிருக்கு முன்னால் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். என் கையெழுத்துக்கு மன்னிக்கவும், கோழி கிளறியதுபோலத்தான் இருக்கும்.

எழுதக்கூடாது என்று அண்ணன் சொன்னார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் செப்டம்பர் கடிதம் வந்த அன்று அண்ணன் அதைப் படித்தார், மடித்தார், வேலைக்குப் போனார். எப்போதும்போல வேலை செய்தார். மறுநாள் குழாயின் மேல் உட்கார்ந்தவர் முகமூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டார். வெல்டிங் கம்பியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார், தீ மூட்டவே இல்லை. மேஸ்திரி கீழிருந்து கத்துகிறார். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. நான்கு பேர் ஏறி இறக்கினோம். அதிலிருந்து கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். முகாம் டாக்டர் உடம்பில் ஒன்றுமில்லை என்கிறார். இரண்டாவது கடிதத்தைத் தலைமாட்டில் வைத்தேன். இன்னும் உறை பிரிக்கவில்லை.

நான்தான் கஞ்சி ஊட்டுகிறேன். ஊட்டினால் வாய் திறக்கிறார். என் குறட்டையைத் திட்டுவாரே, அதையாவது திட்டட்டும் என்று வேண்டுமென்றே சத்தமாகக்கூட விட்டுப் பார்த்தேன்.

சாப்பாட்டு மேசையில் இப்போது யாரும் அவரை அந்தப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. அவர் உட்காரும் இடம் காலியாகத்தான் இருக்கிறது.

நான் மழையில் பார்த்ததைச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று தோன்றுகிறது. அன்றைக்கே அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாமோ என்றும் தோன்றுகிறது. ஒன்றும் விளங்கவில்லை அண்ணி.

பாங் டொக்சு


புசான்
1982 டிசம்பர் 12

அப்பாவுக்கு,

நான் மியங்ரான். அங்கே குளிர் உண்டா? இங்கே குழாய்த் தண்ணீர் உறைந்துவிட்டது.

பாங் சித்தப்பாவின் கடிதம் வந்தபோது அம்மா சமையலறையில் நின்றபடியே படித்தாள். பிறகு பரணுக்கு எட்டி என்னிடம் கொடுத்தாள். "இனிமே இந்த வீட்டுல எதையும் மறைக்கப் போறதில்ல. எனக்குத் தெம்பில்ல" என்றாள்.

அப்பா, உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். காலையில் கண் விழித்ததும் கல் வைத்தாற்போல இருக்கிறதா? எனக்கு வயிற்றில் இருக்கும். கண்ணைத் திறக்கும் முன்பே அது இருக்கும். யாராவது பேசினால் ரொம்பத் தூரத்தில் பேசுவதுபோலக் கேட்கும். பதில் சொல்ல நினைப்பேன். அதற்குள் அவர்கள் கோபித்துக்கொண்டுவிடுவார்கள். உங்களுக்கும் அப்படியா?

முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டீர்களாம். மே மாதப் பரீட்சையில் என் பேனாவும் அப்படித்தான் ஆனது. கணக்குத் தாளில் அத்தனைக்கும் எனக்கு விடை தெரியும். அதை மட்டும் நம்புங்கள். எழுதத்தான் முடியவில்லை. எழுதினால் மறுபடி முதல் ரேங்க் வரும், அடுத்த மாதமும் வரவேண்டும், அதற்கடுத்த மாதமும் வரவேண்டும் என்று நினைத்தேன். அதற்கு முடிவே இல்லை.

இப்போதும் நன்றாக இல்லை. மாத்திரை சாப்பிட்டால் தூக்கம் வருகிறது. சில நாள் கோ அக்கா வந்து கூட்டிப்போகிறாள். அவர்கள் கரையில் கல்லடுக்குக்குள் தீ மூட்டி உடம்பைக் காயவைப்பார்கள். நானும் ஓரமாக உட்காருவேன். என்ன படிக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. மாமியார்களைத் திட்டுவார்கள், சிப்பி சுட்டுத் தின்பார்கள். ஒருத்தி என் பேரைக் கேட்டுவிட்டு, "பேரைக் கேட்டாலே சோறு கேக்குதே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை.

எழுந்திருங்கள் என்று உங்களிடம் சொல்லமாட்டேன். என்னிடம் சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை.

மியங்ரான்


ஜுபைல்
1983 ஜனவரி 9

மியங்ரானுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்துக் காட்டுகிறேன் என்று பாங் வந்தான். வேண்டாமென்று நானே வாங்கிப் படித்தேன். படிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. எழுத்தெல்லாம் ஓடுகிறது.

நீ கேட்டதற்குப் பதில். ஆமாம், கல்தான். எனக்கு நெஞ்சில். குரல்களெல்லாம் தூரத்தில்தான் கேட்கின்றன. பாங்கின் குறட்டைகூட. நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். நீ எழுதிய பிறகுதான் இதற்கு இப்படி வார்த்தைகள் இருப்பது தெரிந்தது. தலைமாட்டில் கிடந்த அம்மாவின் கடிதத்தையும் பிரித்துப் படித்தேன். நாலாங் கிளாஸிலிருந்து இதைத் தூக்கிக்கொண்டா பள்ளிக்குப் போய் வந்தாய்? நாற்பது வயது ஆம்பிளை நான், என்னால் ஒரு குழாயைப் பற்றவைக்க முடியவில்லை.

விடை தெரியும் என்று எழுதியிருந்தாய். நம்புகிறேன். தெரியாமல் போனாலும் ஒன்றுமில்லை என்று எழுத நினைத்தேன், கை வரமாட்டேன் என்றது. இத்தனை நாளும் வேறு மாதிரியே சொல்லிப் பழகிவிட்டது. இருந்தாலும் எழுதிவிட்டேன் பார். தெரியாமல் போனாலும் ஒன்றுமில்லை.

என்னைக் கிடங்கில் உட்கார வைத்திருக்கிறார்கள், கம்பிக் கட்டுகளை எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒப்பந்தம் முடிந்ததும் மார்ச்சில் வந்துவிடுகிறேன். நீட்டிப்பு வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

சிப்பியைச் சுட்டுத் தின்றாயா, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாயா? அடுத்த தடவை அதை எழுது.

அப்பா


புசான்
1983 பிப்ரவரி 20

மியங்ரானின் அப்பாவுக்கு,

நீங்கள் எழுந்து உட்கார்ந்தது போதும். மெதுவாக வாருங்கள். வழியில் சாப்பிடாமல் இருக்கக்கூடாது.

நீங்கள் வருவதற்குள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வேறு எதையோ எதிர்பார்த்து வந்து நிற்பீர்கள். அவள் குணமாகிவிடவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பரணேறியவள், மறுநாளும் இறங்கவில்லை. அழும் சத்தம் கேட்டது. அவள் அழுதே நான் மாதக்கணக்கில் கேட்டதில்லை. டாக்டரிடம் சொன்னேன். நல்லதுதான் என்றார், ஆனால் இன்னும் கண்ணை எடுக்காதீர்கள் என்றும் சொன்னார்.

மார்ச்சில் புது வகுப்புகள் தொடங்குகின்றன. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்காரவேண்டும். போய்த்தான் பார்க்கிறேன் என்று அவளாகவே சொன்னாள். விடுமுறையில் ஆளில்லாத பள்ளியைப் பார்த்துவிட்டு வருவோம் என்று இருவரும் இறங்கினோம். வாசலுக்கு எதிரே உள்ள பேனா பென்சில் கடைவரை வந்தாள். அங்கேயே வாந்தி எடுத்தாள். நான் இழுக்கவில்லை. திரும்பி வந்துவிட்டோம். அடுத்த வாரம் மறுபடி போனோம். அன்று கடைவரைகூட வரவில்லை.

நேற்று ஒன்று நடந்தது. மருந்து சாப்பிட்டாயா, கஞ்சி குடித்தாயா, காலுறை போட்டாயா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன் போல. பரண் கதவைப் படாரென்று திறந்தாள். "போதும்மா! சும்மா இருக்க விடுங்க! மீன்முட்டைக்கு உப்புப் போடறதைத் தவிர உங்களுக்கு வேற என்ன தெரியும்?" என்று கத்தினாள். எதிர்வீட்டு அம்மாள் வாசலுக்கே வந்துவிட்டாள். நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து பாவாடை நுனியை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். வலித்து அழவில்லை. இரண்டு வீடு தாண்டிக் கேட்கும்படி என் பெண் கத்துகிறாள்.

மார்க்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நினைக்காமல் இருக்கிறேன் என்று சொன்னால் பொய். வெள்ளைக் கோட்டு போட்ட பெண் ஒருத்தி மருந்துக்கடையில் எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தபோது அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீங்கள் சியோலிலிருந்து ரயிலில் வருவதை அவளிடம் சொன்னேன். நானும் ஸ்டேஷனுக்கு வரட்டுமா என்று கேட்டாள். வா என்றேன். அது கூட்டமான இடம். அன்று காலையில் அவளுக்கு எப்படி விடியும் என்று அவளுக்கே தெரியாது. வந்தால், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒன்றும் கேட்காதீர்கள். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தால், என் முதுகுக்குப் பின்னால் யாரையும் தேடாதீர்கள். வீட்டுக்குப் போவோம். பரணுக்குக் கீழே நின்று, வந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

சுன்ரே